18 வயது ஆகாதவர் உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறாரா? சேர்ப்பதற்கு முன் படியுங்கள்

பல்கலைக்கழக ஆய்வகங்களின் பாதுகாப்பைக் கவனித்துக்கொள்வது என் வேலை. பள்ளி விடுமுறை நெருங்கினால் பேராசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்பார்கள். "மேடம், 16 வயசுப் பொண்ணு ஒருத்தி நம்ம லேப்ல ரெண்டு மாசம் இருக்கணும்னு கேக்குறா. சேத்துக்கலாமா?" தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த வயதில் உண்மையான ஆய்வு ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், அந்தப் பிள்ளை கேள்வி கேட்கும் விதமே மாறிவிடுகிறது. ஆனால் சேர்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உங்கள் தலையில்தான் விழும், பிள்ளையின் தலையில் விழக் கூடாது.

ஆய்வகம் என்றதும் எல்லோரும் அமிலத்தையும் தீயையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். எனக்குப் பெரிய பயம் வேறு. பள்ளி மாணவர்கள் "தெரியாது" என்று சொல்ல மாட்டார்கள். "எனக்கு இது வேண்டாம், பயமா இருக்கு" என்றும் சொல்ல மாட்டார்கள். இவ்வளவு பெரிய இடத்தில் நமக்கு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள், கேள்வி கேட்டால் முட்டாள் என்று நினைத்துவிடுவார்களோ, நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணம் அவர்களுக்கு எப்போதும் இருக்கும். கரைப்பான் (பொருள்களைக் கரைக்க உதவும் திரவம்) வாடையில் தலைவலித்தால் பிஎச்டி மாணவர் வெளியே போய்விடுவார். 16 வயதுப் பிள்ளை தலைவலியோடு அந்தக் கரைப்பானையே முகர்ந்துகொண்டு நிற்கும்.

அதனால் எந்த விதியை எழுதினாலும் எனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். பிள்ளை வாயே திறக்காவிட்டாலும் இந்த விதி அவரைக் காப்பாற்றுமா? "சந்தேகம் இருந்தால் கேட்கவும்" என்று சுவரில் எழுதி ஒட்டுவது இந்தக் கேள்வியில் தோற்றுவிடும். "மேற்பார்வையாளர் அறையில் இல்லாதபோது மாணவர் சோதனை மேசையருகே நிற்கக் கூடாது" என்பது தேறும். இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கேள்வியில் தேறியவைதான்.

வருவதற்கு முன்

முதலில் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் பல்கலைக்கழக விதிகளையும் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால், எது கடுமையானதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு 138ஆம் உடன்படிக்கை, உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்தான வேலைக்குக் குறைந்தபட்ச வயதாக 18ஐ வைத்திருக்கிறது. முழுப் பாதுகாப்பும் போதிய பயிற்சியும் இருந்தால் 16இலிருந்து நாடுகள் அனுமதிக்கலாம் என்கிறது. கல்விக்கூடங்களில் பயிற்சியாக நடப்பதற்கு அதில் விலக்கு உண்டுதான். ஆனாலும் நான் அதையே தொடக்கக் கோடாக வைத்துக்கொள்கிறேன். சம்பளம் இல்லாமல் ஆர்வத்தில் வருகிறார், அவருக்கு எதற்கு இவ்வளவு காகிதம் என்று யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்காதீர்கள். பல்கலைக்கழகக் காப்பீட்டுக்குள் அவர் வருகிறாரா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒரு வேலைத் திட்டம். ஒரு பக்கம் போதும். எந்த அறை, எந்த மேசை, எந்த நேரம், என்ன செய்வார், எந்தப் பொருளை எவ்வளவு அளவில் தொடுவார், எதைத் தொடவே மாட்டார், மேற்பார்வை யார், அவர் வராத நாளில் யார் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அளவை ஏன் எழுதச் சொல்கிறேன் தெரியுமா? 2010 ஜனவரியில் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் வெடிக்கும் தன்மையுள்ள ஒரு சேர்மத்தோடு ஒரு குழு வேலை செய்துகொண்டிருந்தது. 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்பது அங்கே வாய்வார்த்தையாக மட்டுமே இருந்த வரம்பு. கிட்டத்தட்ட 10 கிராம் தயாரானது. அதைக் கையாண்ட ஆய்வு மாணவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம். பட்டம் பெற்று ஆய்வுக்கு வந்தவர்களிடமே வாய்வார்த்தை நிற்கவில்லை.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் படிவத்தில் "ஆய்வகத்தில் இயல்பாக உள்ள ஆபத்துகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எந்தப் பொருள், தோலில் பட்டால் என்ன ஆகும், அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறோம் என்று அம்மா அப்பாவுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தினமும் எடுக்கும் மருந்து, அவசரத்தில் யாரை அழைப்பது, சிகிச்சைக்கு யார் சம்மதம் தருவது எல்லாம் அதே தாளில் வேண்டும். அது அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. ஒட்டிய உறையில் போட்டு, மேற்பார்வையாளர் கைநீட்டி எடுக்கும் இடத்தில் வையுங்கள்.

எதைத் தொடவே கூடாது

இதில் நான் பேரம் பேசுவதில்லை. காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருள்கள், வெடிக்கும் சேர்மங்கள், ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், பிரானா கரைசல் (அடர் கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கலவை), சயனைடுகள், நச்சு வாயு சிலிண்டர்கள், புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்த பொருள்கள், உயர் அழுத்தக் கலன்கள், திறந்த கற்றையுள்ள 3பி, 4ஆம் வகுப்பு (கண்ணைப் பாதிக்கும் சக்திவாய்ந்த) லேசர்கள், கடைசல் இயந்திரம் (லேத்) போன்ற சுழலும் பட்டறைக் கருவிகள், பரிசோதிக்கப்படாத மனித ரத்தம். உயிரியலில், கிருமிகளின் ஆபத்தைப் பொறுத்து ஆய்வகங்களை 1 முதல் 4 வரை உயிர்ப்பாதுகாப்பு நிலைகளாகப் பிரிப்பார்கள்; நிலை 3, 4 ஆய்வகங்களுக்குள் நுழையவே கூடாது. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச அறிவியல் போட்டியான ஐசெஃப்கூட அந்த இரண்டு நிலைகளிலும் மாணவர்கள் வேலை செய்வதைத் தடை செய்திருக்கிறது. நிலை 2 என்றால் தனி அனுமதி வாங்கி, ஒவ்வொரு வேலையாகப் பார்த்துத்தான்.

கதிரியக்கத்துக்கு எண்களே இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், படிப்புக்காக அதைக் கையாள வேண்டிய 16 முதல் 18 வயது மாணவர்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). அமெரிக்காவில் 18 வயதுக்கு உட்பட்ட பணியாளர்களுக்குப் பெரியவர்களின் வரம்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆண்டுக்கு 5 மில்லிசீவர்ட். சட்டம் இடம் கொடுத்தாலும் மூடி முத்திரையிடாத கதிர்வீச்சு மூலங்களுக்கு நான் அனுமதி கொடுப்பதில்லை. இரண்டு மாதம் இருந்து கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு அது இல்லாமலும் சொல்லிக்கொடுக்க நிறைய இருக்கிறது.

"நம்ம பொண்ணு ரொம்பக் கெட்டிக்காரி மேடம்" என்று சிலர் இந்த இடத்தில் வாதாடுவார்கள். 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தைச் சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு கழன்று வந்தது, திரவம் காற்றில் பற்றிக்கொண்டது. அவர் ஆய்வகக் கோட்டு போட்டிருக்கவில்லை. போட்டிருந்த செயற்கை இழை ஸ்வெட்டரில் தீப்பிடித்தது. அடுத்த மாதம் இறந்துபோனார். அவரும் கெட்டிக்காரர்தான், வேதியியலில் பட்டம் வாங்கியவர்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை செய்யும் வேலை சாதுவானதாக இருக்கும், பக்கத்து மேசையில் நடப்பது சாதுவானதாக இருக்காது. உப்புக் கரைசல் கலக்கிக்கொண்டிருப்பவருக்கு இரண்டு அடி தள்ளி ஒருவர் வெற்றிடத்தில் கரைப்பானை வடித்துக்கொண்டிருந்தால், அந்த ஆபத்து இரண்டு பேருக்கும் பொதுதான். ஆகவே வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அறையைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறையில் அன்று யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று காலையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுக்கக்கூடிய வேலைகளுக்குப் பஞ்சமே இல்லை. பைபெட் (சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பழக்கம், தாங்கல் கரைசல் (பஃபர்) தயாரிப்பு, நோய் உண்டாக்காத பாக்டீரியா வளர்ப்பு, நுண்ணோக்கி, டிஎன்ஏவைப் பார்க்க உதவும் ஜெல்லில் எத்திடியம் புரோமைடு என்ற ஆபத்தான சாயத்துக்குப் பதில் பாதுகாப்பான சாயம், தரவுப் பகுப்பாய்வு, நிரல் எழுதுதல். அடர் அமிலத்தை நீங்கள் முன்பே நீர்க்கச் செய்து கொடுத்துவிடுங்கள். 121 டிகிரி செல்சியஸில் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் கதவைப் பெரியவர் திறக்கட்டும். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை அவர் ஊற்ற வேண்டாம். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு ஆகி, சின்ன அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும்.

முதல் நாள்

முதல் நாளில் சோதனை எதுவும் வேண்டாம். அன்று முழுக்க நடப்பது, காட்டுவது, திரும்பச் செய்யச் சொல்வது.

எடுத்த எடுப்பில் கண் கழுவும் குழாய்க்குக் கூட்டிப்போவேன். கண்ணில் ஏதாவது பட்டவர் பத்து விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்பது தரநிலை. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் நான் சொல்வதோடு நிறுத்துவதில்லை. அவர் வேலை செய்யப்போகும் மேசையருகே நிற்க வைத்து, கண்ணை மூடச் சொல்வேன். "இப்போ குழாய்க்குப் போ. நான் பக்கத்துலேயே வர்றேன், எதுலயும் இடிக்க விட மாட்டேன்." ஒரு கையை மேசை விளிம்பில் தடவிக்கொண்டே போவார்கள். பாதி வழியில் ஸ்டூல் இடிக்கும், யாரோ வைத்த அட்டைப்பெட்டி இடிக்கும். அந்தப் பெட்டியை அன்றே எடுத்துவிட வேண்டும், அது உங்கள் வேலை. குழாயைத் தட்டித் திறந்து, இமைகளை இரண்டு விரலால் அகட்டிப் பிடித்துக் குனியச் சொல்வேன். அரை நிமிடத்தில் "போதுமா அக்கா?" என்ற குரல் வரும். அப்போதுதான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உறைக்கும். "நீயா நிறுத்தக் கூடாது, பெரியவங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஓடட்டும்" என்று அங்கேயே சொல்லிவிடுவேன்.

இரண்டாவது, கையுறை. வளராத கைக்குப் பெரியவர்களின் கையுறை பொருந்தாது. விரல்நுனியில் தொங்கும் ரப்பர் மூடியில் மாட்டும், பாட்டிலைத் தட்டிவிடும். மிகச் சிறிய அளவில் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். கண்ணாடியும் அப்படித்தான், மூக்கில் நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடியைப் பத்து நிமிடத்தில் நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். கோட்டின் கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டுக்கொள்வார்கள், மணிக்கட்டு திறந்துவிடும். சின்ன அளவில் குறைந்தது இரண்டு பருத்திக் கோட்டுகள் வேண்டும். இதற்கெல்லாம் செலவு சொற்பம், ஆனால் நான் போய்ப் பார்க்கும் பாதி ஆய்வகங்களில் இருக்காது.

கையுறையைக் கழற்றுவதை நான் சாயம் பூசிச் சொல்லிக்கொடுக்கிறேன். கழுவினால் போகும் நீலச் சாயத்தைக் கையுறை முழுக்கத் தடவி, கழற்றச் சொல்வேன். முதல் முறை எல்லோருமே விரல்நுனியைப் பிடித்து இழுப்பார்கள், மணிக்கட்டில் நீலக்கறை படிந்துவிடும். பிறகு முறையைக் காட்டுவேன். வலக்கை விரலால் இடக்கை மணிக்கட்டுக்கு அருகே கையுறையின் வெளிப்பக்கத்தைக் கிள்ளிப் பிடித்து, உள்பக்கம் வெளியே வருமாறு உரிக்க வேண்டும். உரித்ததை வலக்கை உள்ளங்கையில் உருண்டையாகச் சுருட்டிக்கொள்ள வேண்டும். இப்போது வெறுங்கையாக இருக்கும் இடது விரலை வலக்கையுறையின் உட்புறமாக, தோலை ஒட்டி நுழைத்து, அதையும் உள்வெளியாக உரித்தால் முதல் கையுறை இரண்டாவதுக்குள் போய்விடும். கறை படாமல் வரும் வரை செய்யச் சொல்லுங்கள். அதன்பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கையுறையோடு கைபேசியையும் கதவுப்பிடியையும் தொடக் கூடாது என்பதையும் இந்த நீலச் சாயமே புரிய வைத்துவிடும்.

கையுறை போட்டால் எதையும் தொடலாம் என்ற நினைப்பையும் அன்றே உடைத்துவிடுங்கள். டார்ட்மத் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்களை ஆய்ந்தவர். 1996 ஆகஸ்டில் டைமீத்தைல் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தின் ஓரிரு துளிகள் அவருடைய லேட்டெக்ஸ் கையுறையில் சிந்தின. சில விநாடிகளில் அது கையுறையை ஊடுருவிவிடும் என்பது பின்னர் செய்த சோதனையில்தான் தெரிந்தது. 1997 ஜூனில் அவர் இறந்தார். பள்ளி மாணவர் அந்தப் பொருளின் பக்கம் போகவே போவதில்லை. ஆனால் டைகுளோரோமீத்தேன் போன்ற சாதாரணக் கரைப்பானே மெல்லிய நைட்ரைல் கையுறையை ஓரிரு நிமிடங்களுக்குள் கடந்துவிடும். ஏதாவது பட்டால் உடனே கழற்றிப் புதிது போடுவதுதான் பழக்கமாக வேண்டும்.

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் அதன் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தரவுத் தாள் ஒன்று உண்டு, அதில் 16 பகுதிகள் இருக்கும். முழுவதையும் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் படிக்காமல்தான் போடுவார்கள். 2ஆம் பகுதி ஆபத்தையும், 4ஆம் பகுதி முதலுதவியையும், 8ஆம் பகுதி என்ன அணிய வேண்டும் என்பதையும் சொல்லும். அவர் தொடப்போகும் பொருள்களுக்கு மட்டும் இந்த மூன்றையும் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது" என்பதைத் தவிர வேறு பதிலே வராது. நிலைமையைச் சொல்லி என்ன செய்வாய் என்று கேளுங்கள். ஒரு பெண் நான் சொன்ன எல்லாவற்றையும் அழகாகக் குறித்துக்கொண்டே வந்தாள். அலமாரியில் இருந்த பழுப்பு பாட்டிலைக் காட்டி, "இது கீழே விழுந்து உடைஞ்சா என்ன பண்ணுவே?" என்றேன். யோசிக்கவே இல்லை. "சாரி சொல்லிட்டு உடனே துடைச்சிடுவேன் அக்கா." நல்லபடியாக வளர்ந்த பிள்ளை சொல்லும் பதில் அதுதான், ஆய்வகத்தில் அதுதான் ஆபத்தும். 18 வயதுக்கு உட்பட்டவர் சிந்தியதைத் துடைக்கவே கூடாது, உடைந்த கண்ணாடியைப் பொறுக்கவே கூடாது. பின்னால் நகர வேண்டும், "சிந்திடுச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும், அறைக்கு வெளியே போய் நிற்க வேண்டும். அன்றே வெறும் தண்ணீரைக் கொட்டி மூன்று நான்கு முறை இதைச் செய்து பார்க்க வைத்தேன். உரக்கச் சொல்வதற்குத்தான் அவளுக்கு அதிகக் கூச்சம்.

மேற்பார்வை என்றால் என்ன

அதே அறையில், பார்வை படும் தூரத்தில், இரண்டே எட்டில் போய்ச் சேரும்படி இருப்பதுதான் மேற்பார்வை. எதிர் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மின்னஞ்சல் பார்ப்பதை அதில் சேர்க்க முடியாது. நடைமுறையில் இந்தப் பொறுப்பு ஏதாவது ஒரு பிஎச்டி மாணவர் தலையில் விழுகிறது. அவரிடம் முதலில் கேளுங்கள், அவரும் "முடியாது" என்று சொல்லத் தயங்குபவராக இருக்கலாம். ஒத்துக்கொண்டால், பிள்ளை இருக்கும் நேரத்தில் அவருடைய சொந்த ஆபத்தான சோதனைகளை வைத்துக்கொள்ளாதபடி அட்டவணை போட்டுக் கொடுங்கள். அவர் கழிப்பறைக்குப் போனாலும் பிள்ளை மேசையை விட்டு எழுந்து, ஆய்வகத்துக்கு வெளியே உள்ள படிக்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும். பையும் தண்ணீர் பாட்டிலும் அங்கேதான் இருக்க வேண்டும். வைக்க இடம் கொடுக்காவிட்டால் உள்ளேதான் கொண்டுவருவார்கள்.

சாவியோ நுழைவு அட்டையோ கொடுக்காதீர்கள். ஆர்வமுள்ள பிள்ளை காலையில் சீக்கிரம் வந்து நேற்று வைத்த பாக்டீரியா வளர்ப்புத் தட்டைப் பார்க்கத்தான் நினைக்கும். கதவு திறக்காவிட்டால் பிரச்சினையே இல்லை. மாலையில் வேலை நேரம் முடிந்ததும், முடியாத சோதனையோடு நின்றாலும், அனுப்பிவிடுங்கள். 2011 ஏப்ரலில் யேல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பட்டறையில் 22 வயது மாணவி ஒருவர் இரவில் தனியாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தபோது தலைமுடி சிக்கி இறந்துபோனார். பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்த ஒரு ஆள் இல்லை. முடியைப் பின்னிக் கட்டுவதும், துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, அடையாள அட்டைக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைப்பதும் சென்ட்ரிஃப்யூஜ் (குப்பிகளை வேகமாகச் சுழற்றும் கருவி) ஓடும் சாதாரண அறையிலும் கட்டாயம்.

பாதுகாப்பில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பேசக் கூச்சப்படக் கூடாது. பெரியவர் ஒருவரும் பிள்ளையும் மட்டும் மூடிய அறையில் இருக்கக் கூடாது. கதவில் கண்ணாடி இருக்கும் அறையாகப் பாருங்கள், அல்லது கதவு திறந்தே இருக்கட்டும். செய்தி அனுப்புவதானால் பெற்றோரோ இன்னொரு ஆசிரியரோ இருக்கும் குழுவில் மட்டும் அனுப்புங்கள். இருட்டறை, குளிர் அறை வேலைக்கு மூன்றாவது ஆள் வேண்டும். பேராசிரியருக்கும் மேற்பார்வையாளருக்கும் சம்பந்தமில்லாத ஒரு பெரியவரின் பெயரையும் எண்ணையும் முதல் நாளே பிள்ளையிடமும் வீட்டிலும் கொடுத்து, எதுவானாலும் இவரிடம் பேசலாம் என்று சொல்லுங்கள். அந்தப் பெரியவர் வாரம் ஒருமுறை தானாகவே போய்ப் பேச வேண்டும், பிள்ளை தேடி வரும் என்று காத்திருக்கக் கூடாது.

ஏதாவது நடந்துவிட்டால்

சின்னக் கீறலாக இருந்தாலும் பதிவு செய்யுங்கள். வேதிப்பொருள் பட்டிருந்தால் கழுவுவதை முதலில் தொடங்கி, கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தொலைபேசியில் அழைக்கட்டும். மருத்துவமனைக்குப் போவதானால் அந்தப் பொருளின் தரவுத் தாளும், உறையில் உள்ள மருத்துவத் தாளும், பிள்ளைக்குத் தெரிந்த ஒரு பெரியவரும் கூடவே போக வேண்டும். பெற்றோரைப் பேராசிரியரே அழைத்துச் சொல்ல வேண்டும், அதுவும் பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே.

எல்லோர் முன்னாலும் திட்டாதீர்கள். ஒரு தடவை திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த தடவை மறைக்கும், பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் மறைப்பார்கள். என்ன நடந்தது என்று அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதி வாங்குங்கள். "தெரியாது", "ஞாபகம் இல்ல" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். பிறகு வேலைத் திட்டத்தை எடுத்து, எந்த வரி அவரைத் தடுத்திருக்க வேண்டும் என்று பாருங்கள். அப்படி ஒரு வரி இல்லையென்றால் எழுதிச் சேர்த்துவிடுங்கள், மேற்பார்வையாளரும் பெற்றோரும் மறுபடி கையெழுத்துப் போட்ட பிறகு அவரை மேசைக்கு அழையுங்கள்.